எவ்வளவு நம்பலாம் என்று கேட்ட கட்டம்

பௌர்ணமி அன்று எங்கள் வீட்டிலிருந்து வெளியே போக வழி கிடையாது. முன்கதவைத் திறந்தால் கிரிவலப் பாதை, பாதை நிறைய ஜனம். பின்கதவைத் திறந்தால் மலையிலிருந்து ஏரிக்கு இறங்கும் ஓடை, ஓடை நிறையச் சீமைக் கருவேலமும் தண்ணீர் பாட்டில்களும். ஸ்கூட்டியை வாசலைத் தாண்டி இறக்க முடியாது. அடி அண்ணாமலையில் கடை வைத்திருப்பவர்களுக்கு அது வியாபார நாள். வேங்கிக்காலுக்கு வேலைக்குப் போகிற என்னைப் போன்றவளுக்கு அது மாதாமாதம் வரும் வீட்டுக் காவல். "குடுத்து வெச்சவங்க நீங்க, சாமி காலடியிலயே இருக்கீங்க" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பௌர்ணமி இங்கே வந்து தங்கிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

அது என் அக்காவின் வீடு. முன்னறையில் டிபன் கடை, பின்னால் சமையலறை, சமையலறைக்கு மேலே என் அறை. மாமா பெங்களூரில் டிரைவர். அவர் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. கடை, அடுப்பு, வரவு செலவு எல்லாம் அக்காதான். என் கல்யாணம் முறிந்து நான் வந்து நின்றபோது, சொந்தபந்தம் எல்லாம் "கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்று ஒரே பாட்டைப் பாடியது. அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சமையலறை மேல் ஓர் அறை எழுப்பினாள். பூச்சு காய்வதற்குள் சாவியை என் கையில் வைத்து, "போய்ப் படு, உன் மூஞ்சப் பாக்க சகிக்கல" என்றாள். அவளுக்குப் பாசம் காட்டத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

என் வேலை வேங்கிக்காலில் ஒரு சின்ன தனியார் சர்வே ஆபீஸில். ஓனரும் நானும், அவ்வளவுதான் ஆபீஸ். அவர் ட்ரோன் விடுவார். அது எடுத்துவரும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று சேர்த்து நான் வரைபடமாக்குவேன். ஒவ்வொரு படத்தோடும், ட்ரோன் எந்த இடத்துக்கு மேலே நின்று அதை எடுத்தது என்ற ஜி.பி.எஸ். குறிப்பும் வரும். அந்தக் குறிப்பு எவ்வளவு துல்லியம் என்று சாஃப்ட்வேரில் ஒரு கட்டம் கேட்கும். அதில் சென்டிமீட்டர் கணக்கில் ஓர் எண்ணைப் போட்டால், "கண்ணை மூடிக்கொண்டு நம்பு" என்று அர்த்தம். மீட்டர் கணக்கில் போட்டால், "சும்மா குத்துமதிப்புதான், மற்றதைப் படங்களைப் பார்த்து நீயே முடிவுசெய்" என்று அர்த்தம். வழி கேட்டால் ஒருவர் கதவு எண்ணைச் சொல்வார், இன்னொருவர் "அந்தப் பால் பூத்து கிட்டக்க" என்பார். இரண்டையும் ஒரே மாதிரி நம்பினால் வேறு யார் வீட்டுக் கதவையோ தட்ட வேண்டியதுதான். இதில் கொடுமை என்னவென்றால், தப்பான எண்ணைப் போட்டாலும் சாஃப்ட்வேர் வாயைத் திறக்காது. நம்பச் சொன்னால் நம்பும். குறிப்புக்கு ஏற்றபடி தரையையே வளைத்து உட்கார வைக்கும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் அதே ஓடையைத் தூர்வாரப் போகிறார்கள், அதற்கு வரைபடம் வேண்டும் என்று வேலை வந்தது. ட்ரோன் வரைபடத்தின் மேல், ஓடையின் எல்லையைக் காட்டும் அரசாங்கத்தின் பழைய புல வரைபடத்தை வைத்துப் பார்ப்பார்கள். எந்தக் கட்டடம் ஓடைக்குள் இருக்கிறதோ அதன்மேல் பெயிண்டால் குறி போடுவார்கள். குறி விழுந்தால் அப்புறம் இயந்திரம் வரும்.

அக்காவின் சமையலறைச் சுவர் ஓடையின் இந்தக் கரையில். நேர் எதிர்க்கரையில் பால்காரம்மாவின் வீடு: ஒற்றை அறை, ஒட்டினாற்போல் மாட்டுக் கொட்டகை. அந்த இடத்தில் ஓடை ஒடுங்கிப்போயிருந்தது. இரண்டு பேரில் ஒருவர் உள்ளே தள்ளித்தான் கட்டியிருக்க வேண்டும். யார் என்று யாருக்கும் தெரியாது. இருவருமே அவரவர் வாங்கிய இடத்தில்தான் கட்டியதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கடைக் காபிக்குப் பால் அந்த அம்மாவிடம்தான். சமையலறை போனால் கடை போகும், மேலே இருக்கிற என் அறையும் போகும். அந்தப் பக்கம் போனால் அந்த அம்மாவுக்குத் தலைக்கு மேல் எதுவுமே இருக்காது.

"சார், இது எங்க அக்கா வீட்டு ஓடை. எனக்கு வேணாம், வேற யார்கிட்டயாவது குடுங்க" என்று ஓனரிடம் முதல் நாளே சொன்னேன்.

"வேற யாரும்மா இருக்காங்க இந்த ஆபீஸ்ல? நீயும் நானும் அந்த ஃபேனும்தான்" என்றார். "உங்க ஊரு, உனக்குத்தான் சந்து பொந்து எல்லாம் தெரியும். செய்யி."

வீட்டில் வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டபடியே, "உன் கையிலதானேடி இருக்குது, எனக்கின்னா பயம்?" என்று சிரித்தாள். விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவே கேட்டாளா என்று எனக்கு விளங்கவில்லை.

ட்ரோன் விட அனுமதி ஒரே ஒரு நாளுக்குக் கிடைத்தது. பௌர்ணமிக்கு மறுநாள். காலண்டரில் பௌர்ணமி முந்தின நாள் கட்டத்தில் இருந்ததால், மறுநாள் காலை பாதை காலியாகிவிடும் என்று ஓனர் கணக்குப் போட்டுவிட்டார். திதி எப்போது ஆரம்பித்து எப்போது முடிகிறது என்று பார்க்கவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த மனுஷன்! அந்த மாதம் திதி மறுநாள் பகல்வரை நீண்டது. காலையில் வந்து பார்த்தால் பாதை முழுக்கத் தலைகள்.

"போச்சுடா" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "சரி, நமக்கு ரோட்டு மேல வேலையில்ல, பின்னாடி ஓடை மேலதான. விட்டுடலாம்."

அது மட்டும் என்றால் பரவாயில்லை. வரைபடம் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று சோதிக்க, ஒரு வாரம் முன்பே ஓடைக் கரையிலும் பாதையோரத்திலும் வெள்ளைப் பெயிண்டில் பெரிய கூட்டல் குறிகள் போட்டு, அவற்றின் இடத்தை அளந்து வைத்திருந்தோம். மேலேயிருந்து எடுக்கும் படத்தில் அந்தக் குறிகள் தெரிய வேண்டும். ஆனால் கிரிவலம் வருகிறவர்களில் சொந்த வீடு வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள், பாதையோரத்தில் கல்மேல் கல்லாக அடுக்கி வைத்துவிட்டுப் போவார்கள். சும்மா கிடக்கிற தரையை விட்டுவிட்டு, பளிச்சென்று வெள்ளையடித்த எங்கள் குறிகளைப் பார்த்து, இதுதான் அதற்கென்று ஒதுக்கிய இடம் என்று நினைத்திருக்கிறார்கள். ஓடைக் கரைக் குறிகளைக்கூட விடவில்லை, ஒவ்வொன்றின் மேலும் அடுக்கடுக்காகக் கல். சிலவற்றில் குங்குமம். ஒன்றில் கற்பூரம் ஏற்றிக் கரி பிடித்திருந்தது.

"சார், மார்க் எல்லாம் மறைஞ்சு போச்சு. கல்ல எடுத்துடறேன்" என்று குனிந்தேன்.

"ஐயையோ, கை வெக்காதம்மா! வீடு வேணும்னு வேண்டிக்கினு வெச்சது. கலைச்சா பாவம்."

"அப்ப மார்க் எப்படி சார் தெரியும்?"

"ட்ரோன்லயே ஜி.பி.எஸ். இருக்குதில்ல, பாத்துக்கலாம்" என்றவர், குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கி அந்த அடுக்கின் உச்சியில் விழாமல் வைத்தார். மனை வாங்கிப் போட்டு அஸ்திவாரம்கூடப் போட முடியாமல் தவிக்கிறவர் அவர்.

"சர்வே பண்ண வந்தோமா, வேண்டிக்க வந்தோமா சார்?" என்று கேட்டேன். "ரெண்டுந்தான்" என்றார். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவரை மீறி நான் ஒரே உதையில் தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் அக்கா வீடு நிலைக்குமா என்று நானே உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. இன்னொருவர் வீட்டு வேண்டுதலைக் கலைக்க எனக்கும் கை வரவில்லை.

ட்ரோன் ஏறியது. எங்களுடைய ட்ரோன் சென்டிமீட்டர் துல்லியம் காட்ட வேண்டுமானால், பறக்கும்போதே அதன் ஜி.பி.எஸ். குறிப்புக்கு மொபைல் நெட்வொர்க் வழியாகத் திருத்தம் வந்துகொண்டிருக்க வேண்டும். பௌர்ணமிக் கூட்டத்தில் இங்கே நெட்வொர்க் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். பக்கத்து அறையில் இருப்பவருக்குப் போன் போகாது. பாதி தூரம் வரை திருத்தம் வந்தது. பிறகு நின்றுபோனது. எங்கள் வீட்டுப் பின்புறம் வரும்போது ட்ரோன் வெறும் குத்துமதிப்பில்தான் பறந்துகொண்டிருந்தது. ஓனர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, "கம்பெனிக்காரன் ரெண்டு சென்டிமீட்டர்னு எழுதியிருக்கான் இல்ல, எல்லாத்துக்கும் அதையே போட்டுக்கோ" என்றார்.

ஆபீஸுக்குப் போக வழியில்லாததால் என் அறையிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். கீழே இட்லிப் பானையின் ஆவி, வெளியே "அரோகரா", நடுவில் நான். அவர் சொன்னபடியே எல்லாப் படங்களுக்கும் ஒரே எண்ணைப் போட்டேன். சாயங்காலம் வரைபடம் வந்தது. பழைய புல வரைபடத்தை மேலே வைத்தேன். அக்காவின் சுவர் ஓடைக்கு வெளியே, ஆள் நடந்து போகும் அளவுக்கு இடம் விட்டு நின்றது. பால்காரம்மாவின் அறை மொத்தமாக உள்ளே கிடந்தது.

சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். துள்ளிக் குதித்துக் கீழே ஓடப் போனேன். படியில் நிற்கும்போது பால்காரம்மா பின்கதவில் கேனோடு நின்று, "கூட்டம் ஜாஸ்தின்னு ஒரு லிட்டர் கூடவே ஊத்திருக்கேம்மா" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்ப மேலே வந்துவிட்டேன்.

அப்புறம்தான் வரைபடத்தை ஒழுங்காகப் பார்த்தேன். ஓடையோரத்தில் ஒரு தோட்டத்துச் சுற்றுச்சுவர் உண்டு. நூல் பிடித்தாற்போல் நேராகக் கட்டிய சுவர், தினமும் அதன் ஓரமாகத்தான் போகிறேன். வரைபடத்தில் அது எங்கள் வீட்டுப் பக்கம் வரவர லேசாக முதுகு வளைந்து நின்றது. நம்பத்தகாத படங்களையும் நம்பு என்று நான் சொல்லியிருக்கிறேன், அது சொன்னபடி கேட்டுத் தரையை வளைத்திருக்கிறது.

மறுநாள் ஆபீஸில் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக எடுத்தேன். திருத்தம் வந்தபோது எடுத்ததற்குச் சென்டிமீட்டர். வராதபோது எடுத்ததற்கு மீட்டர். மறுபடி ஓட்டினேன். சுற்றுச்சுவர் நேராகிவிட்டது. ஓடையும் நகர்ந்துவிட்டது. பால்காரம்மாவின் வீடு தப்பியது. அக்காவின் சமையலறையில் பாதி ஓடைக்குள் இருந்தது.

இப்போது என்னிடம் இரண்டு ஓடைகள் இருந்தன. அதில் ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

ஓனரிடம் காட்டினேன். "சாஃப்ட்வேர் மொதல்ல குடுத்த ரிப்போர்ட்ல எரர் கம்மி, இதுல ஜாஸ்தி. கம்மியா இருக்கறத விட்டுட்டு ஜாஸ்தியா இருக்கறத யாராவது குடுப்பாங்களா?" என்றார்.

"நம்ம நம்பச் சொன்னதால கம்மியா காட்டுது சார். அது நெசம் இல்ல."

"உங்க அக்கா வீடு தப்பிச்சிருக்குதும்மா. அதுல உனக்கு இன்னா வலிக்குது?"

வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். நான் போனால் அவர் முதல் வரைபடத்தைக் கொடுத்துவிடுவார். வாயை மூடிக்கொண்டு இருந்தாலும் அதேதான். பேசினால் அக்கா நடுத்தெருவுக்கு வருவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் முட்டிக்கொண்டேன். அந்த நாட்களில் சாப்பிட நேரம் கழித்தே இறங்கி வருவேன். அக்கா பரிமாறிக்கொண்டே, "வேல முடிஞ்சுதா?" என்று கேட்பாள். "இல்ல" என்பேன். "மெதுவா செய்யி, எதுக்கு அவசரம்" என்று இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுவாள். ஐயோ, யார் வீடு போகுதுன்னு கேட்டுத் தொலையேன் என்று கத்தலாம்போல இருக்கும்.

கடைசியில் ஓனரிடம் சண்டை போட்டுத்தான் அனுமதி வாங்கினேன். படத்தில் தெளிவாகத் தெரிகிற நாலு இடத்தை நேரில் அளப்போம், எந்த வரைபடம் அதோடு பொருந்துகிறதோ அதைக் கொடுப்போம் என்றேன். "உன்னோட பெரிய ரோதனையாப் போச்சு. போய் அளந்துக்கினு வா. ஆள் கேக்காத, என்கிட்ட கெடையாது" என்று கருவியைக் கொடுத்தார்.

கூட்டமில்லாத ஒரு வாரநாளில், நெட்வொர்க் நன்றாக இருந்த காலையில் போனேன். கருவி என்பது ஓர் ஆள் உயரக் கோல். அதன் உச்சியில் ஜி.பி.எஸ். ஒருவர் கோலை ஆடாமல், அதிலுள்ள ரசமட்டக் குமிழ் நடுவில் நிற்கும்படி செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் பதிவுசெய்ய வேண்டும். நான் தனியாகத் திண்டாடுவதைப் பின்கதவிலிருந்து பார்த்த அக்கா, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"குடு, நான் புடிக்கிறேன்."

"அக்கா, இது நமக்கு எதிராவும் வரலாம். தெரிஞ்சுக்கோ."

"வந்தா வரட்டும். எஞ் செவுரு என் எடத்துல இருக்குது. எனக்குத் தெரியாதா? அந்தக் குமிழு நடுவுல நிக்கணும், அவ்ளோதானே?"

துணி துவைக்கிற கல்லின் மூலையில் பிடித்தாள். சிறு பாலத்தின் விளிம்பிலும் தோட்டத்துச் சுற்றுச்சுவரின் முனையிலும் பிடித்தாள். ஓடையைத் தாண்டிப் போய்ப் பால்காரம்மாவின் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் பிடித்தாள். ரசமட்டக் குமிழ் நடுவை விட்டு அசையவில்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆபீஸில் நாங்கள் இரண்டு பேரும் பிடிப்பதைவிட நன்றாகப் பிடித்தாள். பால்காரம்மா சாணக் கையோடு வந்து எட்டிப் பார்த்து, "இன்னாம்மா அளக்குறீங்க?" என்றார். "ஓடைய" என்றாள் அக்கா. "அளங்க அளங்க, அது எங்க ஓடிடப் போவுது" என்று அவர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு இடமும் இரண்டாவது வரைபடத்தோடுதான் பொருந்தின.

கொடுப்பதற்கு முன்னால், அந்தக் கட்டத்தில் போடும் எண்ணிலிருந்து சமையலறை வரை எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"அந்த நம்பர மாத்தினா?" என்று கேட்டாள்.

"நம்ம வீடு தப்பிச்சுடும். அவங்க வீடு போயிடும்."

"உனக்கு மாத்தத் தெரியும்."

"தெரியும்."

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். மாற்று என்றும் சொல்லவில்லை, மாற்றாதே என்றும் சொல்லவில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மறுநாள் இரண்டாவது வரைபடத்தைக் கொடுத்துவிட்டேன். ஓனர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சில வாரங்கள் கழித்து வந்து குறி போட்டார்கள். சமையலறைச் சுவரில் அடியிலிருந்து என் அறை ஜன்னல்வரை சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. அக்கா அழவில்லை, யாரிடமும் கெஞ்சவில்லை. கடையில் நின்று இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. ரமணாசிரமம் பக்கம் ஒரு வாடகை அறை பேசிவிட்டு, மேலே வந்து துணிகளைக் கட்டினேன்.

கீழே தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். "கூடவே வெச்சு சோறு போட்டியே, அவளே காட்டிக் குடுத்துட்டா பாத்தியா" என்று ஒருத்தி உச்சுக்கொட்டினாள். அது எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது.

"யாரு காட்டிக் குடுத்தா?" அக்காவின் குரல் கடையைத் தாண்டித் தெருவுக்கே கேட்டது. "கோல் புடிச்சு அளந்து குடுத்தது நானு. நான் புடிச்சதத்தான் அவ எழுதினா. எதுவா இருந்தாலும் என்னக் கேளு. டிபன் வேணுமா? வேணாம்னா வழிய விட்டு நில்லு."

நான் மூட்டையோடு இறங்கி வந்து, அதைப் படியில் வைத்துவிட்டு நின்றேன். பெண்கள் கலைந்து போனார்கள். அக்கா என் பக்கம் திரும்பினாள். என் பின்னால் படியில் இருந்த மூட்டையைப் பார்த்தாள், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து வேறொன்று கேட்டாள்.

"நான் ஆடாமத்தானேடி புடிச்சேன்? ஒருவேள கொஞ்சம் சாஞ்சிருக்குமோ?"

சாய்ந்திருக்கும் அக்கா, அதனால்தான் தப்பாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் போதும். தன் சுவர் தன் இடத்தில்தான் இருந்தது என்று காலம் முழுக்க நம்பிக்கொண்டு இருந்திருப்பாள். எனக்கு அது வாயில் வரவில்லை.

"கொஞ்சங்கூட ஆடலக்கா" என்றேன்.

"ம்" என்று தலையசைத்தாள். பிறகு சமையலறைக்குள் போய், அந்தச் சுவரோர அடுப்பிலேயே அடுத்த ஈடு இட்லிக்குத் தட்டை எடுத்தாள். நான் மூட்டையை மேலே தூக்கிப் போய் அவிழ்த்தேன். அப்படி ஒருத்தியை விட்டுப் போக எனக்குத் தைரியம் இல்லை.